மீன்தொட்டித் தாங்கி: பேலட் மரத்தில் செய்வதா, கடையில் வாங்குவதா, உலோகச் சட்டம் அடிப்பதா?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரண்டடி அல்லது மூன்றடி மீன்தொட்டி வைக்க முடிவெடுத்தவர்கள், தொட்டியையும் மீனையும் தேர்ந்தெடுத்த பிறகு ஒரே இடத்தில் தயங்கி நிற்கிறார்கள். தொழிற்பேட்டைகளில் இலவசமாகக் கிடைக்கும் பழைய பேலட்களை, அதாவது சரக்கு அடுக்கித் தூக்கப் பயன்படும் மரத்தட்டுகளை, பிரித்து நாமே ஒரு தாங்கி செய்துகொள்ளலாமா, அல்லது சிராங்கூன் நார்த்திலோ கிளமெண்டியிலோ உள்ள மீன்கடைகளில் தொட்டியோடு சேர்த்து விற்கும் அலமாரியை வாங்கிவிடலாமா, அதுவும் இல்லாமல் இரும்பு அல்லது அலுமினியச் சட்டம் அடித்துக்கொள்ளலாமா என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. பேலட் மரத்தின்மீது எனக்குப் பிரியம் உண்டு; எறியப்படவிருந்த மரம் வரவேற்பறையில் ஒரு நல்ல பொருளாக நிற்பதைப் பார்ப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. ஆனாலும் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டடித் தொட்டி வரை பேலட் மரமே எலும்பாக இருக்கலாம். மூன்றடிக்குப் போனால் அது மேலுறையாக மட்டுமே இருக்க வேண்டும். நான்கடி என்றால் எடை தாங்கும் எந்த இடத்திலும் அது வரக்கூடாது. இந்தக் கணக்கு எப்படி வருகிறது என்பதைக் கீழே விளக்குகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் எடை. 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம் உள்ள தொட்டியில் விளிம்புவரை நிரப்பினால் ஏறத்தாழ 65 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 6 மி.மீ. கண்ணாடியின் எடை 12 கிலோவைத் தாண்டும். அடிமண்ணும் கல்லும் சேர்ந்தால் மொத்தம் 90 கிலோவை நெருங்கும். 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டியில் தண்ணீர் மட்டும் 182 லிட்டர், 10 மி.மீ. கண்ணாடி சுமார் 40 கிலோ. மண், கல் எல்லாம் சேர்த்து 250 கிலோ என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. நீளம் ஒன்றரை மடங்குதான் கூடியது, எடையோ ஏறத்தாழ மூன்று மடங்காகிவிட்டது. அதே அகலத்திலும் உயரத்திலும் நான்கடி நீளத் தொட்டி வைத்தால் 350 கிலோவை எட்டும்.

இந்த எடை இரவும் பகலும் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கிறது என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்துபோய்விடுவார், தொட்டி எழுந்துபோகாது. இடைவிடாத சுமையின் கீழ் மரம் மெல்ல மெல்லத் தொய்யும். ஈரப்பதம் கூடுதலான ஊரில் இன்னும் அதிகமாகத் தொய்யும். முதல் நாள் 1 மி.மீ. வளைந்த சட்டம் அந்த ஒரு மில்லிமீட்டரோடு நின்றுவிடும் என்று எண்ணக்கூடாது.

தாங்கியைப் போலவே தரையையும் பார்க்க வேண்டும். குடியிருப்புக் கட்டடங்களின் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற பரவலான சுமையைக் கணக்கில் கொண்டு வடிவமைக்கப்படுகின்றன. 45 செ.மீ. ஆழத் தண்ணீரோ தான் நிற்கும் இடத்தில் சதுர மீட்டருக்கு 450 கிலோ அழுத்தம் தருகிறது. தளத்தின் சிறு பகுதியில் மட்டும் இந்தச் சுமை விழுவதால் இதை வைத்து உடனே அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அறையின் நடுவில் வைக்காமல், உத்தரம் ஓடும் சுவரோரமாக வைப்பது அவசியம். நான்கடிக்கு மேற்பட்ட தொட்டி என்றால், தாங்கியைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் தகுதிபெற்ற பொறியாளர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது அளவுகோல் மேற்பரப்பின் சமன். விளிம்புச் சட்டமில்லாத தொட்டிகளின் அடிக்கண்ணாடி முழுவதும் தாங்கியின்மேல் படிய வேண்டும்; ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் கண்ணாடி முறுக்கப்படுகிறது. மெல்லிய நுரை விரிப்பு சிறு மேடுபள்ளங்களை விழுங்கிக்கொள்ளுமே தவிர, வளைந்த பலகையை நேராக்காது.

மூன்றாவது ஈரம். சிங்கப்பூரின் சராசரி ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். இதோடு தண்ணீர் மாற்றும்போது சிந்துவதும், வடிகட்டிக் குழாயில் கசிவதும், மூடியிலிருந்து சொட்டுவதும் சேரும். நான்காவது, மரத்திலும் பூச்சிலும் உள்ளவை மீனுக்கு நஞ்சாகுமா என்பது. கடையில் வாங்குபவர் இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை, தாமே செய்பவர் கட்டாயம் கவலைப்பட வேண்டும். இவற்றுக்குப் பிறகே செலவு, வேலை செய்ய இடம், வீடு மாறும்போது ஏற்படும் சிரமம் ஆகியவை வரும்.

## பேலட் மரம்: இலவசத்தின் விலை

பேலட் எல்லாம் ஒன்றல்ல. ஐரோப்பிய அளவுப் பேலட் 1200 மி.மீ. நீளமும் 800 மி.மீ. அகலமும் கொண்டது, பார்க்கத் திடமாக இருக்கும், ஒன்றரை டன் சுமக்கும். ஆனால் அதைப் பிரித்துப் பார்த்தால் கிடைப்பவை ஏறக்குறைய 22 மி.மீ. தடிப்புள்ள பலகைகளும், அவற்றுக்கிடையே இருந்த ஒன்பது குட்டைக் கட்டைகளும், 78 ஆணிகளுமே. தாங்கியின் காலுக்கு வேண்டிய நீளமும் தடிப்பும் சேர்ந்த மரத்துண்டு அதில் ஒன்றுகூடக் கிடையாது. இரண்டு மூன்று பலகைகளை ஒட்டித்தான் கால் செய்ய வேண்டும். அதற்கு நல்ல பசையும் வரிசையாகப் பிடித்து இறுக்கும் கவ்விகளும் வேண்டும்.

நமக்குப் பயன்படுவது, அடியில் மூன்று நீளச் சட்டங்கள் ஓடும் வகை. அந்தச் சட்டங்கள் 35 முதல் 40 மி.மீ. தடிப்பும் 90 மி.மீ. உயரமும் இருக்கும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பாரந்தூக்கியின் கரங்கள் பக்கவாட்டிலும் நுழையும்படி பல சட்டங்களின் அடிவிளிம்பில் இரண்டு இடங்களில் மரத்தை வெட்டி எடுத்திருப்பார்கள். அமெரிக்க அளவுப் பேலட்டில் அந்த இரண்டு வெட்டுகளுக்கும் நடுவில் முழுமையாக எஞ்சுவது 45 செ.மீ. அளவுதான், 70 செ.மீ. உயரக் காலுக்கு அது போதாது. ஆகவே வெட்டு விழாத சட்டங்கள் உள்ள பேலட்டையே தேடுங்கள்.

அடுத்து முத்திரை. நாடு விட்டு நாடு போகும் பேலட்களில் ஐஎஸ்பிஎம் 15 என்ற அனைத்துலக விதிப்படி, கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு குறி சூடுபோடப்பட்டிருக்கும். அதில் 'எச்டி' என்ற எழுத்துகள் இருந்தால், மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் சூடேற்றப்பட்டது என்று பொருள். 'எம்பி' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு வாயுவால் புகையூட்டப்பட்டது. அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். குறியே இல்லாதது உள்ளூரிலேயே சுற்றியதாக இருக்கலாம், அதன் வரலாறு நமக்குத் தெரியாது. எச்டி குறிகூட மரத்தைப் பதப்படுத்திய முறையைத்தான் சொல்கிறதே ஒழிய, அதன்பின் அந்தப் பேலட்டின்மேல் எந்த எண்ணெய் அல்லது இரசாயனம் கொட்டியது என்பதைச் சொல்வதில்லை. கறை படிந்ததையும் வாடை வீசுவதையும் ஒதுக்கிவிடுங்கள். நீலம் அல்லது சிவப்புச் சாயம் பூசியவை பெரும்பாலும் வாடகை நிறுவனங்களின் உடைமை. அவற்றை எடுத்துவருவது பிறர் பொருளை எடுப்பதாகும். சாயம் பூசாத பேலட்டையும் துவாஸிலோ சுங்கை காடுட்டிலோ உள்ள நிறுவனத்திடம் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும்.

பிரித்த பலகையை உடனே வேலைக்கு எடுக்காமல், வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ஆணி இருந்த இடத்தைச் சுற்றி மரம் கருத்திருந்தால் அங்கே இரும்பும் ஈரமும் நெடுநாள் கலந்திருக்கின்றன. அந்தத் துளையின் அருகில் திருகாணி பிடிக்காது. பேலட்டில் அடிக்கும் ஆணிகள் உடலில் முறுக்கு உள்ளவை, பிடுங்கும்போது தலை மட்டும் கையோடு வந்துவிட்டு உடல் மரத்திலேயே தங்கிவிடும். அதன்மேல் இழைப்பு இயந்திரத்தை ஓட்டினால் கத்தி அங்கேயே பல் விழும். பிறகு பலகையின் ஒரு முனையை வெள்ளைத் தாளின்மேல் தட்டுங்கள். முகப்பவுடர் போன்ற நுண்ணிய தூள் கொட்டினால் அந்த மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது.

உளுத்த மரத்துக்கு மருந்தடித்துப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். தோட்டத்து நாற்காலிக்கு அது சரி. மீன்தொட்டிக்கு அடியில் கூடவே கூடாது. பூச்சிகளுக்கும் கரையானுக்கும் பரவலாகப் பயன்படும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மனிதர்களுக்கு ஓரளவு பாதுகாப்பானவை, மீனுக்கும் இறாலுக்குமோ கடும் நஞ்சு. செர்ரி இறால் வளர்ப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும். உளுத்ததை வேறு மரங்களிலிருந்து பிரித்து உடனே அப்புறப்படுத்துவதே நல்லது.

மேற்பூச்சிலும் இதே எச்சரிக்கை தேவை. பாலியூரித்தேன் பூச்சை இரண்டு மூன்று கை, உட்புறத்திலும் அறுத்த முனைகளிலும் தவறாமல் பூச வேண்டும். முனைகள்தாம் தண்ணீரை முதலில் உறிஞ்சுகின்றன. பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு நாளில் வந்துவிடும், ஆனால் அதன் ஆவி முழுவதும் அடங்கச் சில வாரங்கள் ஆகும். காற்றுப் பம்பை அலமாரிக்குள் வைப்பவர்கள் அந்த ஆவியை நேராகத் தண்ணீருக்குள் செலுத்துகிறார்கள். வாடை முழுவதும் போகும்வரை கதவைத் திறந்து வைத்துக் காத்திருங்கள்.

மரம் உலர்வதற்கும் அவகாசம் கொடுக்க வேண்டும். வெளியில் மழையில் நனைந்த பேலட்டை அப்படியே அறுத்துச் சேர்த்தால், வீட்டுக்குள் வந்தபின் சுருங்கி மூட்டுகள் விலகும். குளிர்சாதனம் ஓடும் அறையில் மரத்தில் தங்கும் ஈரம் சுமார் 11 விழுக்காடு, ஓடாத அறையில் ஏறத்தாழ 16 விழுக்காடு. எந்த அறையில் தாங்கி நிற்கப்போகிறதோ அதே அறையில் சில வாரங்கள் பலகைகளை இடைவெளிவிட்டு அடுக்கி வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு கட்டும் முறை ஒன்றுதான். மேற்சட்டம் நான்கு கால்களின் தலைமேல் நேரடியாக உட்கார வேண்டும், எடை மரத்திலிருந்து மரத்துக்கு இறங்க வேண்டும். திருகாணி அவற்றை விலகாமல் பிடித்துக்கொள்வதற்கே. காலின் பக்கவாட்டில் சட்டத்தை வைத்துத் திருகாணியால் மட்டும் தொங்கவிடும் முறையைப் பல காணொளிகளில் காண்கிறேன், அதைப் பின்பற்ற வேண்டாம். பின்புறத்தில் ஒரு பிளைவுட் தகட்டை அடித்தால் தாங்கி பக்கவாட்டில் சாயாது. மேற்பரப்புக்கு 18 மி.மீ. பிளைவுட் புதிதாக வாங்குங்கள். பேலட் பலகைகளை வரிசையாக அடுக்கி அதன்மேல் தொட்டியை வைப்பது சமனுக்கு ஒத்துவராது.

மறைந்திருக்கும் செலவுகளையும் சொல்லிவிடுகிறேன். முழுப் பேலட் காருக்குள் போகாது, வேன் வேண்டும் அல்லது எடுக்கும் இடத்திலேயே பிரிக்க வேண்டும். ரம்பக் கத்தி, உப்புத்தாள், பசை, திருகாணி, பூச்சு, பிளைவுட் எல்லாம் காசு. அடுக்குமாடி வீட்டில் அறுப்பதும் அடிப்பதும் அண்டை வீட்டாரைப் பாதிக்கும். பொது நடைபாதையில் பலகைகளை அடுக்கி வைத்தால் தீப்பாதுகாப்பு விதி கேட்கும் 1.2 மீட்டர் வழி குறுகிவிடும். தனி வீட்டில் இருப்பவருக்கோ, தொழிற்கூடத்தில் நண்பர் இருப்பவருக்கோ இவை பொருட்டல்ல. இரண்டறை வீட்டில் இருப்பவருக்கு இவையே தீர்மானிக்கும் காரணங்கள். கருவிகள் ஏற்கெனவே கையில் இருந்து, தச்சுவேலையில் விருப்பமும் இருந்தால் பேலட் தாங்கி உண்மையிலேயே மலிவு. கருவிகளை இதற்காகவே வாங்கினால், அந்தப் பணத்தில் கடையில் இரண்டடிக்கு ஒரு நல்ல அலமாரி வந்துவிடும்.

## புது மரத்தில் எலும்பு, பேலட்டில் தோல்

மூன்றடித் தொட்டிக்கு நான் பரிந்துரைப்பது இதையே. நேராக இழைத்து உலர்த்திய புது மரச்சட்டங்களை அளவுசொல்லி அறுத்து வாங்கி எலும்புக்கூட்டைக் கட்டுங்கள். மேலே பிளைவுட் போடுங்கள். முன்புறத்துக்கும் பக்கங்களுக்கும் கதவுக்கும் பேலட் பலகைகளை ஒட்டுங்கள். ஆணித் துளையும் மரக்கணுவும் கொண்ட அந்தப் பழைய முகம்தானே பேலட்டை விரும்பச் செய்கிறது. அந்த அழகு முழுவதும் கிடைத்துவிடுகிறது, எடையோ புது மரத்தில் இறங்குகிறது. பலகை ஒன்று பிற்பாடு வளைந்தாலும் தொட்டிக்கு ஒன்றும் ஆகாது, அதை மட்டும் கழற்றி மாற்றலாம். முழுப் பேலட் தாங்கியைவிடச் செலவு கூடும், பிரிக்கும் வேலை பாதியாகும்.

## கடையில் கிடைக்கும் அலமாரி

தொட்டியின் அளவுக்கென்றே செய்யப்பட்ட அலமாரி என்றால் எடையும் சமனும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கவனிக்க வேண்டியது உட்பொருளை. பிளைவுட்டில் செய்ததும், மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் பளபளப்புத் தாள் ஒட்டியதும் வெளியே ஒரே மாதிரி தெரியும். கீல் பொருத்திய துளைக்குள்ளோ குழாய் போகும் ஓட்டையின் விளிம்பிலோ பார்த்தால் அடுக்கடுக்காக இருப்பது பிளைவுட், பொடிப்பொடியாக இருப்பது அழுத்திய மரத்தூள். பின்னதில் ஒருமுறை தண்ணீர் இறங்கினால் உப்பிவிடும், மீண்டும் பழைய நிலைக்கு வராது. வாங்கிய அன்றே எல்லா ஓட்டைகளின் விளிம்பிலும் சிலிக்கோன் தடவிவிட்டால் அதன் ஆயுள் நீளும். விளிம்புச் சட்டமில்லாத தொட்டி வாங்குபவர்கள் உத்தரவாத நிபந்தனையில் தாங்கியைப் பற்றி ஏதேனும் சொல்லியிருக்கிறதா என்பதையும் படித்துவிட வேண்டும்.

தொலைக்காட்சி மேசையையும் புத்தக அடுக்கையும் இந்தப் பிரிவில் சேர்க்காதீர்கள். அவற்றின் நடுப்பகுதிக்கு அடியில் தாங்கும் கால் இருப்பதில்லை.

நேரம் இல்லாதவர்களுக்கும், சத்தம் போட முடியாத வீட்டில் இருப்பவர்களுக்கும், முதன்முறை தொட்டி வைப்பவர்களுக்கும் இதுவே சரி. பழையதாக வாங்கினால் அடிவிளிம்பை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் விட்டுவிடுங்கள்.

## உலோகச் சட்டம்

நான்கடிக்கு இதைவிட நம்பகமானது இல்லை. பற்றவைத்த சதுர இரும்புக் குழாய்ச் சட்டம் மலிவானது. சாயம் உரிந்த இடத்தில் துருப்பிடிக்கும், உப்புநீர்த் தொட்டியின் அடியில் இன்னும் விரைவாகப் பிடிக்கும். திருகாணியால் பூட்டும் 40 மி.மீ. அலுமினியச் சட்டம் விலை கூடியது, துருப்பிடிக்காது. அறுகோணச் சாவி ஒன்றைக் கொண்டே பூட்டவும் கழற்றவும் செய்யலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், புது வீட்டுச் சாவிக்காகக் காத்திருக்கும் இளம் தம்பதியருக்கும் இது பெரிய வசதி.

இதன் மறைந்த செலவு தரையில் இருக்கிறது. மூன்றடித் தொட்டியும் சட்டமும் சேர்ந்து 280 கிலோ என்றால், நான்கு கால்களில் ஒவ்வொன்றும் 70 கிலோவை ஓர் உள்ளங்கையிலும் சிறிய பரப்பில் இறக்குகிறது. வினைல் தரையில் நிரந்தரப் பள்ளம் விழும், அடியில் வெற்றிடம் உள்ள ஓடு விரிசல் விடும். காலுக்கு அடியில் அகலமான தகடு வையுங்கள், அல்லது நீளவாட்டில் கால்களை இணைக்கும் அடிச்சட்டம் கேட்டு வாங்குங்கள். தோற்றம் கடையின் பின்கட்டை நினைவூட்டுகிறது என்று தயங்குபவர்கள் அதற்கும் பேலட் பலகையால் முகம் கொடுக்கலாம்.

## ஒரே பார்வையில்

| | பேலட் மட்டும் | புது மரமும் பேலட் உறையும் | கடை அலமாரி | உலோகச் சட்டம் |
|---|---|---|---|---|
| ஏற்ற தொட்டி | இரண்டடி வரை | மூன்றடி வரை | எந்த அளவுக்குச் செய்ததோ அதற்கு மட்டும் | நான்கடியும் தகும் |
| மேற்பரப்பின் சமன் | கைத்திறனைப் பொறுத்தது | நன்று | நன்று | மிக நன்று. மேலே பிளைவுட் வேண்டும் |
| ஈரம் | பூச்சு முழுமையாக இருந்தால் தாங்கும் | தாங்கும் | பிளைவுட் தாங்கும், மரத்தூள் பலகை உப்பும் | அலுமினியம் தாங்கும், இரும்புக்குத் துரு |
| மீனுக்கு ஆபத்து | மரத்தின் வரலாறு, பூச்சின் ஆவி | உறைப் பலகை, பூச்சின் ஆவி | குறைவு | குறைவு |
| மறைந்த செலவு | கருவி, வேன், பல வார இறுதிகள் | மரம், பிளைவுட் | வீட்டில் கொண்டுவந்து இறக்கும் கூலி | தரைத் தகடு, உறை |
| வீடு மாறும்போது | கனமும் தடுமாற்றமும் | அதேபோல் | தூக்கலாம், மூலைகள் நசுங்கும் | அலுமினியம் கழற்றிப் பூட்டலாம் |

## எதைத் தேர்ந்தெடுத்தாலும் தண்ணீர் நிரப்பும் முறை

தாங்கியை உரிய இடத்தில் வைத்து, தொட்டியை ஏற்றுவதற்கு முன்பே ரசமட்டத்தை நீளவாட்டிலும் அகலவாட்டிலும் மூலைவிட்டமாகவும் வைத்துப் பாருங்கள். சாய்வு இருந்தால் தாங்கியின் காலுக்கு அடியில் சரிசெய்ய வேண்டும். தொட்டிக்கும் பலகைக்கும் இடையில் அட்டையோ மரச்சீவலோ சொருகுவது கண்ணாடியை ஒரு புள்ளியில் நிற்கவைப்பதாகும். அதன்பின் மண்ணோ கல்லோ இல்லாமல் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, நான்கு மூலைகளிலும் தண்ணீரின் மட்டம் கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் மூன்றில் இரண்டு பங்கு, அடுத்த நாள் முழுவதும் என்று படிப்படியாக நிரப்பி, ஒவ்வொரு முறையும் அதே நான்கு இடங்களில் அளந்து பாருங்கள். நான்கு அளவுகளுக்கும் இடையிலான வேறுபாடு நாளுக்கு நாள் கூடினால் ஏதோ ஒரு கால் அமிழ்கிறது அல்லது சட்டம் ஒன்று தொய்கிறது. தண்ணீரை இறைத்துவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும். கையால் செய்த மரத் தாங்கியில் முழுத் தொட்டியை ஒரு வாரம் வெறும் தண்ணீரோடு விட்டு, அளவுகள் மாறாமல் நின்ற பிறகே அடிமண்ணைப் போடத் தொடங்குங்கள்.